வடசென்னையில் ஒரு வார்டின் கார்பன் கணக்கை எடுத்து, உமிழ்வைக் குறைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னை மாநகராட்சி 2023-இல் காலநிலைச் செயல் திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2050-க்குள் நகரத்தின் நிகர உமிழ்வைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் இலக்கு. 2018-19 கணக்குப்படி நகரம் ஆண்டுக்கு வெளியிடும், பூமியைச் சூடேற்றும் பசுங்குடில் வாயுக்கள் சுமார் 1 கோடியே 44 லட்சம் டன், தலைக்கு 1.9 டன். கட்டடங்களுக்கும் தொழில்களுக்கும் செலவாகும் மின்சாரமும் எரிபொருளும் இதில் 71 சதவீதம், போக்குவரத்து 16, கழிவு 13.

நகரத்துக்கு இந்தக் கணக்கு போதும். தண்டையார்பேட்டையில் ஒரு தெருவுக்குப் போதாது. எந்தக் குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது, எந்த மோட்டாரை மாற்றுவது என்று அது சொல்லாது. அதற்கு வார்டுக்கென்று ஒரு கணக்கு வேண்டும். ஒரு குடியிருப்போர் சங்கமோ, கல்லூரி மாணவர்கள் பத்துப் பேரோ, அக்கறையுள்ள கவுன்சிலரோ நான்கு மாதத்தில் இதைச் செய்து முடிக்கலாம்.

எல்லையும் ஆண்டும்

மாநகராட்சியின் 15 மண்டலங்களில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய முதல் ஆறும் வடசென்னைக்கு உரியவை. 1 முதல் 78 வரையுள்ள வார்டுகள். உங்கள் வார்டின் வரைபடத்தை மண்டல அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் ஒரு சிக்கல் வரும்: ஈபி பிரிவு அலுவலகத்தின் எல்லையும் வார்டின் எல்லையும் பொருந்தாது. கேஸ் ஏஜென்சியின் எல்லை வேறொன்று. முழு வார்டையும் ஒரே மூச்சில் எடுக்கப் போனால் இந்த இடத்திலேயே வேலை நின்றுவிடும். முதல் ஆண்டுக்குச் சுமார் 1,000 வீடுகள் உள்ள ஒரு பகுதி போதும். நான்கு பக்கமும் தெரு, கால்வாய், ரயில் பாதை என்று கண்ணால் பார்க்கக்கூடிய எல்லை இருந்தால் நல்லது.

அடிப்படை ஆண்டாக, கடைசியாக முடிந்த முழு நிதியாண்டை எடுங்கள். 2020-21-ஐ மட்டும் தொடாதீர்கள். ஊரடங்கு ஆண்டை அடிப்படையாக வைத்தால் அடுத்து வரும் எல்லா ஆண்டும் உமிழ்வு கூடியதாகவே காட்டும்.

புகைபோக்கிக்குத் தனி ஏடு

எந்தக் கூட்டத்தில் பேசினாலும் முதலில் எழும் கேள்வி இது: "எண்ணூர்ப் பக்கம் இத்தனை புகைபோக்கி இருக்கும்போது எங்க வீட்டு ஃபேனை ஏன் எண்றீங்க?" நியாயமான கேள்வி. அதற்குத் தெளிவான பதில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

நகரங்களுக்கான உலகளாவிய கணக்கு நெறிமுறை உமிழ்வை மூன்று வகையாகப் பிரிக்கிறது. எல்லைக்குள் எரிவது முதல் வகை. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் இரண்டாம் வகை. எல்லைக்கு வெளியே நடந்தாலும் நம்மால் நேர்வது மூன்றாம் வகை. எல்லா நிலையங்களின் மின்சாரமும் கலந்து ஓடும் பொது வலைதான் மின்தொகுப்பு. அதற்கு மின்சாரம் தரும் நிலையத்தில் எரியும் நிலக்கரியை, நிலையம் எல்லைக்குள் இருந்தாலும், நகரின் கூட்டுத்தொகையில் சேர்ப்பதில்லை. தனியாகக் குறித்து வைப்பார்கள். மின்சாரத்தைப் பயன்படுத்துகிறவர் பக்கமே அது கணக்காகிறது. இல்லாவிட்டால் ஒரே டன் இரண்டு முறை எண்ணப்படும். வடசென்னை அனல்மின் நிலையமும் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் மாநகராட்சி எல்லைக்கே வெளியே உள்ளவை. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது.

ஆகவே இரண்டு ஏடு வையுங்கள். ஒன்று, மக்கள் செலவழிப்பது. இன்னொன்று, இந்த மண்ணில் எரிக்கப்படுவது: அனல்மின் நிலையங்கள், மணலி சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. இரண்டாம் ஏட்டைக் கூட்டுத்தொகையில் சேர்க்க வேண்டாம், ஆனால் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். மின்சாரம் மாநிலம் முழுக்கப் போகிறது, சாம்பல் இங்கே விழுகிறது. அந்தச் சுமையை இங்குள்ள வீடுகளின் தலையில் எழுதுவதும் அநியாயம், அதைக் காட்டாமல் மறைப்பதும் அநியாயம்.

தரவு திரட்டல்

மின்சாரத்தில் தொடங்குங்கள். ரூபாய்க் கணக்கை வாங்கி வராதீர்கள், யூனிட் கணக்கு வேண்டும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் பல பில்களில் தொகை பூஜ்ஜியமாக இருக்கும், செலவு பூஜ்ஜியமில்லை. ஏப்ரலில் வரும் பில் பிப்ரவரி, மார்ச் செலவு என்பதையும் மறக்க வேண்டாம்.

பிரிவு அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் தனி ஆட்களின் பெயரோ சர்வீஸ் நம்பரோ கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "கீழ்க்கண்ட டிரான்ஸ்ஃபார்மர்களில் இருந்து செல்லும் இணைப்புகளின் எண்ணிக்கையும், ஏப்ரல் முதல் மார்ச் வரை செலவான மொத்த யூனிட்டும், வீடு, கடை, தொழில், தெருவிளக்கு எனக் கட்டண வகை வாரியாக." எந்தத் தெருவின் பில்லர் பாக்ஸ் எந்த டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து வருகிறது என்பது லைன்மேனுக்கு மனப்பாடம். அவரோடு ஒரு காலை நேரம் நடந்தால் வரைபடமே கையில் வந்துவிடும்.

சமையல் எரிவாயுவுக்கு 100 வீடுகளில் ஒரு கேள்வி போதும்: ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது? டீக்கடை, பிரியாணிக் கடைகளைத் தனியே எடுங்கள். அங்கே 19 கிலோ சிலிண்டரும் விறகும் கலந்து ஓடும்.

பெட்ரோல் பங்க் விற்பனையை வைத்து வாகனக் கணக்குப் போடாதீர்கள். இந்தப் பகுதியில் பலரும் செய்யும் தவறு இதுதான். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி எங்கேயோ டீசல் போட்டுக்கொண்டு இங்கே எரிக்கும். வீடுகளில் வாராந்திர பெட்ரோல் செலவைக் கேளுங்கள். லாரிகளைத் தெருவில் நின்று எண்ணுங்கள்.

குப்பையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். 50 வீடுகள், தொங்கு தராசு ஒன்று, மூன்று நாட்கள். அந்த மூன்றில் ஒரு நாள் கட்டாயம் ஞாயிற்றுக்கிழமை. மீன் செதிளும் கோழிக் கழிவும் வாழையிலையும் அன்றைக்குத்தான் வந்து குவியும். வார நாட்களை மட்டும் நிறுத்தால் கணக்கு குறைந்துவிடும்.

பெருக்கல் எண்கள்

திரட்டிய அளவை இந்த எண்களால் பெருக்கினால் உமிழ்வு கிடைக்கும். வலப்பக்கம் உள்ள கிலோவும் டன்னும் கரியமில வாயுக் கணக்கில்.

- மின்சாரம், 1 யூனிட்: 0.727 கிலோ (மத்திய மின்சார ஆணையத்தின் 2023-24 தொகுப்புச் சராசரி)
- 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று: சுமார் 42 கிலோ
- பெட்ரோல், 1 லிட்டர்: 2.3 கிலோ
- டீசல், 1 லிட்டர்: 2.7 கிலோ
- ஆழமான குப்பை மேட்டில் கொட்டப்படும் ஈரக் குப்பை, 1 டன்: சுமார் 1.1 டன்

கடைசி எண் எப்படி வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும், கூட்டத்தில் கேட்பார்கள். காற்றில்லாமல் அழுகும் உணவுக் கழிவில் இருந்து மீத்தேன் வரும். பன்னாட்டு காலநிலைக் குழுவின் பொது அளவுகளைப் போட்டால் ஒரு டன்னுக்கு 40 கிலோ. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 40-ஐ 28-ஆல் பெருக்கினால் 1,120 கிலோ. இது ஒரே நாளில் வெளிவராது, பல ஆண்டுகளாகக் கசியும். ஆனால் கொட்டிய அன்றே அந்தக் கடன் எழுதப்பட்டுவிடுகிறது.

4,000 பேர் வாழும் 1,000 வீடுகளை உதாரணமாக வைத்துப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் என்றால் ஆண்டுக்கு 18 லட்சம் யூனிட்: 1,309 டன். வீட்டுக்கு 8 சிலிண்டர்: 336 டன். 700 இருசக்கர வண்டிகள், மாதம் 15 லிட்டர்: 290 டன். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ குப்பை, அதில் பாதி ஈரம் என்றால் தினமும் ஒரு டன், ஆண்டுக்கு 365 டன்: 409 டன் உமிழ்வு. கூட்டினால் 2,344 டன், தலைக்கு 0.6 டன் கூட வரவில்லை. நகரச் சராசரி 1.9. மீதி கடை, அலுவலகம், ஆலை, லாரி, பெரிய கட்டடங்களில் இருக்கிறது. இந்த இடைவெளியை அறிக்கையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

மின்சாரம்தான் பெரிய எண். இருந்தும் வேலையைக் குப்பையில் தொடங்குங்கள். தொகுப்பில் நிலக்கரியின் பங்கு குறைய வார்டு எதுவும் செய்ய முடியாது. ஈரக் குப்பையின் 409 டன்னில் பெரும்பகுதியை ஒரே ஆண்டில் நிறுத்த முடியும், அதுவும் தெருவுக்குள்ளேயே.

ஈரக் குப்பை கொடுங்கையூருக்குப் போகாமல் இருக்க

நகரின் குப்பையில் ஏறத்தாழ பாதி கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்கு வருகிறது. அங்கே பழைய குப்பையை அகழ்ந்து பிரிக்கும் வேலை நடக்கிறது, நல்லதுதான். ஆனால் ஒருபக்கம் தோண்டத் தோண்ட மறுபக்கம் புது ஈரக் குப்பை வந்து விழுந்தால் மீத்தேன் நிற்காது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை அந்தப் பகுதி மக்கள் எதிர்த்து வருகிறார்கள். கார்பன் கணக்கும் அவர்கள் பக்கமே நிற்கிறது: பிளாஸ்டிக்கில் முக்கால் பங்கு கார்பன், ஒரு டன்னை எரித்தால் சுமார் 2.75 டன் கரியமில வாயு. ஈரக் குப்பையோ லேசில் எரியாது, உலையின் சூட்டைக் குடிக்கும்.

நாளொன்றுக்கு ஒரு டன் ஈரக் குப்பையை உரமாக்க 10 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரத்தில் 20 முதல் 24 தொட்டிகள், ஒரு துண்டாக்கும் இயந்திரம், மேலே கூரை, மூன்று நான்கு பணியாளர்கள் தேவை. இடம் பார்க்கும்போது அக்கம்பக்கத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் இங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? சுவரில் கறை இருக்கும், காட்டுவார்கள். அந்தக் கறைக்கு ஒரு அடி மேலே தளம் வர வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் இதைப் பார்க்காமல் கட்டிய தொட்டி ஒரே மழையில் சாக்கடையாகிவிடும்.

முறை இதுதான். எடையில் மூன்று பங்கு ஈரக் குப்பைக்கு ஒரு பங்கு காய்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவு. அடியில் அரை அடி இலை, மேலே ஈரக் குப்பை, அதன் மேல் இலை, கொஞ்சம் பழைய உரம். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். 45 நாளில் உரம். ஒரு டன்னுக்கு 150 முதல் 200 கிலோ கிடைக்கும்.

ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். குவியலின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. வடிந்து ஓடினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். அடுத்து, ஒரு முழ நீள இரும்புக் கம்பியை நடுவில் குத்திப் பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். உள்ளங்கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே 55 டிகிரியைத் தாண்டியிருக்கிறது, நோய்க்கிருமி சாகும்.

கெட்டுப்போகும் விதங்களும் அவற்றின் காரணங்களும்:

அழுகின முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை. அந்தத் தொட்டியே இப்போது மீத்தேன் விடுகிறது, குப்பை மேட்டில் நடப்பது இங்கேயும் நடக்கிறது. உடனே கிளறி இலையைக் கூட்டுங்கள். மூக்கை அரிக்கும் அமோனியா வாடை வந்தால் தழைச்சத்து மிகுதி. மீன், இறைச்சி அதிகம் சேர்ந்துவிட்டது. காசிமேட்டை ஒட்டிய வார்டுகளில் மார்க்கெட்டின் மீன் கழிவை இந்தத் தொட்டிக்குக் கொண்டுவரவே வேண்டாம். தனி வாளியில் சேர்த்து மீன் தூள் செய்கிறவர்களிடம் கொடுங்கள். வீட்டு மீன் கழிவு மட்டும் என்றால் குவியலின் நடுவில் புதைத்து, மேலே அரை அடிக்கு இலை மூடுங்கள். எலிக்குச் சுற்றிலும் கம்பி வலை. சூடே ஏறவில்லையா? குவியல் சிறியது, மூன்றடிக்குக் குறைந்தால் சூடு நிற்காது.

எல்லாவற்றையும்விட அதிக மையங்களை முடக்குவது நவம்பரில் காய்ந்த இலை இல்லாமல் போவது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பூங்காக்களில் கொட்டும் இலையைச் சாக்கில் கட்டி, நான்கு மாதத்துக்கான இருப்பு வையுங்கள். கண்டெய்னர்களில் வரும் பலகைப் பெட்டிகளின் மரத்தூளைச் சேர்க்க வேண்டாம், மருந்து ஏற்றிய மரமாக இருக்கலாம்.

பிரித்து வாங்குவதுதான் இதற்கெல்லாம் அடித்தளம். வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதை ஒரு அக்கா ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், மறுநாள் அந்தத் தெருவே பிரிப்பதை நிறுத்திவிடும். பேட்டரி வண்டியின் தொட்டிகள் கடைசி வரை தனித்தனியே போகின்றனவா என்று முதல் மாதம் முழுக்கப் பின்தொடருங்கள். தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும், தெருவுக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் இல்லாமல் பிரித்து வாங்கச் சொல்வது அவர் முதுகில் ஏற்றும் சுமை. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் மண்டபங்கள், ஓட்டல்கள் தங்கள் ஈரக் குப்பைக்குத் தாங்களே பொறுப்பு. அவற்றின் பட்டியலைத் தனியே எடுங்கள்.

உரமாக்குவதிலும் சிறிது உமிழ்வு உண்டு: டன்னுக்குச் சுமார் 0.18. அதைக் கழித்தால் மிச்சம் 0.9 டன். மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் ஒழுங்காகப் பிரித்தால் நம் உதாரணப் பகுதிக்கு ஆண்டில் சுமார் 230 டன் குறையும்.

மின்சாரம்: ஃபேன், மோட்டார், கூரை

பழைய ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. வகை ஃபேன் 30 வாட் அளவில் எடுக்கும். நாளுக்கு 12 மணி நேரம், 300 நாள் என்றால் ஒரு ஃபேனுக்கு 160 யூனிட், 118 கிலோ மிச்சம். சங்கமாகச் சேர்ந்து வாங்கினால் விலை குறையும்.

ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் கூரை யாருக்கும் தனிச் சொத்தில்லை என்பதால் வீட்டுக்கொரு சோலார் நடக்காது. பொது மோட்டாருக்குப் போடலாம். 2 குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் சுமார் 7 யூனிட். சென்னையில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு 4 யூனிட் தரும், 100 சதுர அடி பிடிக்கும். ஆகவே 2 கிலோவாட் போதும். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000.

கடலோரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உப்புக் காற்றும் நிலக்கரித் தூசும் பனியில் குழைந்து தகட்டின் மேல் பசை போலப் படியும். மாதம் இரண்டு முறை, வெயில் ஏறும் முன், நல்ல தண்ணீரில் கழுவி ரப்பர் தள்ளியால் இழுத்துவிடுங்கள். போர் தண்ணீர் வெள்ளைக் கறை விடும். நடுப்பகலில் தண்ணீர் ஊற்றினால் சூட்டில் கண்ணாடி விரிசல் விடலாம். ஒப்பந்தத்தில் உருகிய துத்தநாகத்தில் தோய்த்துப் பூச்சேற்றிய தாங்கு சட்டகம், துருப்பிடிக்காத எஃகு போல்ட், உப்புப்பனிச் சோதனைக்கான ஐ.இ.சி. 61701 சான்று மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

தண்ணீர்க் குழாய்க் கசிவும் மின்சாரக் கணக்குதான். மீஞ்சூர் ஆலையில் கடல்நீரை நன்னீராக்க 1,000 லிட்டருக்கு 4 யூனிட் அளவில் ஆகும். ஏ.சி. மெக்கானிக்குகளையும் கூட்டத்துக்கு அழையுங்கள்: பழைய ஆர்-22 வாயு ஒரு கிலோ கசிந்தால் அது 1,760 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், ஏறத்தாழ 2,400 யூனிட் மின்சாரம். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் ஏற்றுவதே பெரிய இழப்பு.

லாரியும் பஸ்ஸும்

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்கும் லாரி, இன்ஜின் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் சுமார் 3 லிட்டர் டீசலை நின்ற இடத்திலேயே எரிக்கும்: 8 கிலோ. 200 லாரி 4 மணி நேரம் என்றால் 6.4 டன். நம் 1,000 வீடுகளின் ஒரு நாள் மொத்தமும் இந்த அளவுதான். காலை, மாலை, இரவு மூன்று வேளை, ஒரு வாரம் நின்று எண்ணுங்கள்: எத்தனை லாரி, எத்தனை நிமிடம், இன்ஜின் ஓடுகிறதா. ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை; வரிசை எப்போது நகரும் என்று தெரியாததால்தான் அவர் அணைப்பதில்லை. நேரம் ஒதுக்கி உள்ளே விடும் முறையையும், கழிப்பறை, தண்ணீர் உள்ள நிறுத்துமிடத்தையும் உங்கள் எண்களோடு துறைமுகத்திடமும் போக்குவரத்துக் காவல்துறையிடமும் கேளுங்கள்.

பஸ்ஸில் வார்டு செய்யக்கூடியது குறைவு. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2021 முதல் மெட்ரோ விம்கோ நகர் வரை வருகிறது. ஸ்டேஷனுக்கு நடந்து போகும் வழியில் நடைபாதை இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று குறித்துக் கொடுங்கள்.

தீர்மானமாக்குவது

வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாக் கூட்டத்துக்கு 40 பக்க அறிக்கை கொண்டுபோகாதீர்கள். இரண்டு பக்கம் போதும். முதல் பக்கத்தில் இரண்டு ஏடுகளின் எண்கள். இரண்டாம் பக்கத்தில் ஐந்து வேலைகள், ஒவ்வொன்றுக்கும் இடம், தொகை, பொறுப்பான அலுவலர் பதவி, முடிக்க வேண்டிய மாதம். "விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்" என்று ஒரு வேலை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அதை யாராலும் அளக்க முடியாது. வார்டு மேம்பாட்டு நிதியில் உரத் தொட்டியும் மோட்டாரும் கேட்க, சுகாதார ஆய்வாளரின் ஒப்புதல் குறிப்பையும் உதவிப் பொறியாளர் போட்ட மதிப்பீட்டையும் முன்பே கையில் வைத்திருங்கள்.

பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு எடுங்கள்: உரக் கூடத் தராசின் பதிவு, பொது மீட்டரின் யூனிட், லாரி எண்ணிக்கை. சோலார் தகடு தந்த யூனிட்டைக் குறைப்பாகவும், அதனால் குறைந்த பில் யூனிட்டை இன்னொரு குறைப்பாகவும் எழுதிவிடாதீர்கள்; இரண்டும் ஒன்றுதான். மின்தொகுப்பின் பெருக்கல் எண் ஆண்டுதோறும் மாறும். அதனால் அடிப்படை ஆண்டின் எண்ணில் ஒரு கணக்கு, அந்தந்த ஆண்டின் எண்ணில் ஒரு கணக்கு என இரண்டு வரி போடுங்கள். முதல் வரியில் குறைந்தது உங்கள் தெருவின் உழைப்பு. இரண்டாம் வரியில் கூடுதலாகக் குறைந்தது தொகுப்பில் நிலக்கரி குறைந்ததால் வந்தது. தராசுப் பதிவேட்டில் நாள்தோறும் இருவர் கையெழுத்து இருக்கட்டும், ஒருவர் தூய்மைப் பணியாளர், ஒருவர் அந்தத் தெருக்காரர்.